பழைய திடலும் புதிய பரீட்சையும்

கோல்ப் விளையாட்டைப் பற்றி ஒரு தமிழ்ப் பண்டிதன் எழுதப் புகுவது சிலருக்கு நகையை விளைக்கும். நகைப்பவர்களோடு சேர்ந்து நகைக்க நானும் ஆயத்தமாக இருக்கிறேன். அந்த விளையாட்டின் கோலை நான் கையாலே தொட்டதில்லை. பந்தை ஒருமுறை கண்டிருக்கிறேன். தேசிக்காயளவினதாய், வெண்ணிறமாய், அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல மேனியெங்கும் சிறு குழிகள் உடையதாய் இருந்தது. எனது அனுபவம் அவ்வளவே.

இருந்தும் எழுதுகிறேன். காரணர், எங்கள் அயலில் வசிக்கும் கணித ஆசிரியர். 2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, தமது வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னே என்னை இருத்தி, ஸ்கொத்லாந்திலுள்ள சென் அன்றூஸ் என்னும் ஊரில் நடந்த பகிரங்கப் போட்டியின் இறுதி நாளைக் காட்டினார். முதலில் மரியாதைக்காகப் பார்த்தேன். சிறிது நேரத்தில் மரியாதையை மறந்து பார்த்தேன். பின்னர், கற்றுத் தீராத பாடம் ஒன்று அகப்பட்டதுபோல, அத்திடலைப் பற்றி அகப்பட்டவற்றையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன்.

அப்போட்டி 2027 யூலையில் மீண்டும் அத்திடலுக்கு வருகிறது. போட்டியின் வரிசையில் அது 155 ஆவது; அத்திடலில் 31 ஆவது. வருகையை முன்னிட்டுத் திடலின் நீளத்தை 132 யார் கூட்டி, 7,445 யார் ஆக்கப்போவதாக 2025 இல் அறிவித்தனர். செய்தியைக் கொண்டுவந்த கணித ஆசிரியர் படலையடியிலே நின்று கேட்டார்: “பண்டிதர், நூற்று முப்பத்திரண்டு யாரைக் கூட்டினாப்போல இவங்கள் அடங்கிவிடுவாங்களே?”

அவ்வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே விடை.

கோல்ப் அறியாத வாசகர் பொருட்டுச் சில சொல்ல வேண்டும். ஆட்டக்காரன் தொடக்க மேடையில் நின்று பந்தைக் கோலால் அடிக்கிறான். நெடுந்தூரத்தே, நன்கு கத்தரிக்கப்பட்ட புற்றரை ஒன்றின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. பந்து அக்குழியில் விழும்வரை எத்தனை அடி அடித்தான் என்பதே கணக்கு. குறைந்த அடியில் முடித்தவன் வென்றவன். இடையிலே மணற்குழிகளும் ஓடையும் முட்புதரும் தடையாய் அமையும். ஒரு திடலில் இத்தகைய குழிகள் பதினெட்டு. வல்லவன் ஒருவன் இத்தனை அடியில் முடிக்கத்தக்கது என ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண் வகுத்திருக்கிறார்கள். நாம் பேசும் திடலில் அவ்வெண்களின் கூட்டுத்தொகை 72. போட்டி நான்கு நாள் நடக்கும். ஆகவே நான்கு நாளைக்கும் உரிய அடி 288. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

இனித் திடலுக்கு வருவோம். அதனைப் பழைய திடல் என்றே அவ்வூரார் அழைக்கின்றனர். கடல் பின்வாங்கிய மணற்பரப்பிலே, காற்று மேடும் பள்ளமுமாக வகுத்த நிலத்திலே, புல் முளைத்தது, ஆடுகள் மேய்ந்தன, முயல்கள் வளை தோண்டின, மனிதர் கோலும் பந்துமாய் உலாவினர். எப்போது உலாவத் தொடங்கினர் என்பது துணியப்படவில்லை. 1457 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம், வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாகிறதென்று கோல்பையும் உதைபந்தையும் தடைசெய்தது. தடைசெய்ய வேண்டிய அளவுக்கு அது அந்நாளிலேயே பரவியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். 1552 இல் ஹமில்ற்றன் என்னும் பேராயர் வழங்கிய சாசனம், அந்நிலத்தில் விளையாடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டென ஒப்புக்கொண்டது. பதினெட்டு என்னும் எண்ணும் இத்திடல் தந்ததே. முன்னர் ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு குழிகள் ஆடப்பட்டன. 1764 இல் சில குழிகளை இணைத்துப் பதினெட்டாக்கினர். பின்னர் உலகம் முழுவதும் அதனையே பின்பற்றிற்று.

எனவே இது ஆக்கியோன் பெயர் அறியப்படாத ஒரு நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ரொம் மொறிஸ் என்பவர் இதனைப் பல்லாண்டு பேணித் திருத்தினார், தடங்களை அகலமாக்கினார், பதினெட்டாவது புற்றரையை அமைத்தார். எனினும் அவரும் பதிப்பாசிரியரேயன்றி நூலாசிரியர் அல்லர். இருபதாம் நூற்றாண்டிலே இதற்கு ஓர் உரையாசிரியரும் வாய்த்தார். வைத்தியராயிருந்து திடல் வகுக்கும் கலைக்கு மாறிய அலிஸ்ரர் மக்கென்ஸி, மேடு பள்ளங்களையும் மணற்குழிகளையும் அளந்து வரைந்த படம் 1924 இல் வெளிவந்தது. இன்றும் அத்திடலைக் கற்பார் அப்படத்தை விரித்து வைத்தே கற்கின்றனர்.

இத்திடல் ஆட்டக்காரனை எவ்வாறு பரீட்சிக்கிறது?

முதற்பார்வையில் இங்கே தடையே இல்லை. மரங்கள் இல்லை. தடம் மிக அகலம். எங்கே அடித்தாலும் பந்து அகப்படும் போலத் தோன்றும். 1946 இல் அமெரிக்கராகிய சாம் சினீட் புகையிரதத்தில் வந்தவாறே இதனை நோக்கி, கைவிடப்பட்ட பழைய திடல் ஏதோ ஒன்று என்று எண்ணினார் என்பர். அவரே அவ்வாண்டுப் போட்டியில் வென்றார் என்பது வேறு கதை.

தடம் அகன்றிருப்பதுதான் இங்கே சூழ்ச்சி. ஒடுங்கிய தடம் ஆட்டக்காரனுக்கு ஆணையிடுகிறது. நேரே அடி, தவறினால் கெட்டாய் என்கிறது. அகன்ற தடம் அவனை வினாவுகிறது. எந்தப் பக்கம் போகப் போகிறாய் என்கிறது. பல குழிகளில் இடப்பக்கம் அடித்தால் இடர் இல்லை. ஆனால் அங்கிருந்து புற்றரையை நோக்கினால், குறுக்கே ஒரு மணற்குழியோ ஒரு மேடோ கிடக்கும். இடரை உரசிக்கொண்டு வலப்பக்கம் அடித்தவனுக்கே புற்றரை வாய்திறந்து காட்டும். முதலடியில் அஞ்சியவன் இரண்டாமடியில் வட்டி கட்டுகிறான்.

மணற்குழிகள் 112 என்பர். பல, நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியா. அதற்கும் ஒரு காரணம் உண்டு. முற்காலத்தில் இத்திடலை எதிர்த்திசையிலும் சுற்றி ஆடினர். அத்திசையில் வருபவனுக்கு எதிர்நின்ற குழி, இத்திசையில் போகிறவனுக்கு மறைந்து நிற்கிறது. அவற்றுக்கு ஊரார் இட்ட பெயர்களும் சுவையானவை. பதினான்காம் குழியில் ஒன்று நரகம். பதின்மூன்றாம் குழியில் சில, சவப்பெட்டிகள். பதினெட்டாவது புற்றரையின் முன்னே கிடக்கும் தாழ்வுக்குப் பாவப் பள்ளத்தாக்கு என்று பெயர். பதினாறாவதில் உள்ள குழிக்கூட்டத்துக்கு அதிபரின் மூக்கு என்று பெயர். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் முன்னாளில் இருந்த ஓர் அதிபரின் மூக்கினால் வந்த பெயர் என்பர். ஆசிரியர் கூட்டம் இதனை அறிந்து வைத்திருத்தல் நன்று. பெயர் எவ்வாறு நிலைத்துவிடும் என்பது நம் கையில் இல்லை.

புற்றரைகளிலும் ஒரு புதுமை. பதினான்கு குழிகள் ஏழு பெரும் புற்றரைகளை இரண்டிரண்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. போகும் வழியில் இரண்டாவதும் வரும் வழியில் பதினாறாவதும் ஒரே புற்றரை. மூன்றும் பதினைந்தும் ஒன்று. இப்படியே எண்ணிச் சென்றால் கூட்டுத்தொகை எப்போதும் பதினெட்டு. கணித ஆசிரியர் இதனைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்டாகும் மலர்ச்சியை நான் சைவசித்தாந்தம் கேட்பவர் முகத்திலும் கண்டதில்லை. அப்புற்றரைகள் பரந்தவை, ஆகவே பந்தைப் புற்றரையில் ஏற்றியதனால் காரியம் முடிந்துவிடாது. குழி கிடக்குமிடத்துக்கும் பந்து நின்ற இடத்துக்கும் நடுவே நெடுந்தொலைவும் அலையலையான மேடுகளும் இருக்கக்கூடும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலே காற்று. அது கடலிலிருந்தும் ஈடன் ஆற்றின் கழிமுகத்திலிருந்தும் வருவது. ஒரே நாளில் திசை மாறும். போகும்போது எதிர்த்த காற்று, வரும்போது துணை செய்யும் என்று நம்பியிருந்தவனை, வரும்போதும் எதிர்த்துநின்று நகும்.

இப்பரீட்சையில் அமர்ந்தவர் சிலரின் கதையைக் கூறினால் பொருள் விளங்கும்.

1921 இல் அமெரிக்க இளைஞர் பொபி ஜோன்ஸ் இங்கே முதன்முறை பகிரங்கப் போட்டியில் ஆடினார். வயது பத்தொன்பது. மூன்றாஞ் சுற்றில் பதினோராங் குழியின் மணலில் அகப்பட்டுத் தத்தளித்து, பொறுமை இழந்து, அந்த இடத்திலேயே போட்டியைக் கைவிட்டார். ஆனால் திடலை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை; மீண்டும் வந்து கற்றார். 1927 இல் அங்கேயே பகிரங்கப் போட்டியை வென்றார். 1930 இல் அங்கேயே தொழில்முறை சாரா ஆட்டக்காரருக்கான போட்டியையும் வென்றார். 1958 இல் அவ்வூர் அவருக்கு நகர உரிமை அளித்துக் கௌரவித்தது. மக்கென்ஸியுடன் சேர்ந்து அமெரிக்காவில் அவர் அமைத்த ஒகஸ்ரா திடலிலே பழைய திடலின் கருத்துகள் பல விதையாய் விழுந்து முளைத்தன.

1978 இல் யப்பானியராகிய நகஜிமா, மூன்றாஞ் சுற்றின் பதினேழாங் குழியில் இரண்டே அடியில் புற்றரையை அடைந்தார். அங்கிருந்து உருட்டிய பந்து சரிவில் வழுக்கி, பக்கத்து மணற்குழியில் விழுந்தது. வெளியேற நான்கு அடி சென்றது. மொத்தம் ஒன்பது. 2000 ஆம் ஆண்டில் டேவிட் டுவாலும் இறுதி நாளில் அதே குழியிலேயே வெளியேற வழியின்றி வாடினார். அவ்வாண்டு வென்ற டைகர் வூட்சின் கணக்கு 269. நான்கு நாளும் 72 குழிகள் ஆடியும் ஒரு மணற்குழியிலாவது அவர் பந்து விழவில்லை. அவர் மிக நெடிது அடிக்க வல்லவர் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் அந்த நான்கு நாளும் அவர் காட்டியது நெடுமையன்று. எங்கே அடிக்கலாகாது என்னும் அறிவு.

2010 இல் ரொறி மக்கில்ரோய் முதல்நாள் 63 அடியில் சுற்றை முடித்தார். மறுநாள் காற்று எழுந்தது. அதே திடல், அதே ஆட்டக்காரர், அதே கோல்கள், கணக்கு 80. ஒரு மாணவன் ஒரு நாள் தொண்ணூறு புள்ளியும் மறுநாள் முப்பது புள்ளியும் பெற்றால், நாம் மாணவனை ஐயுறுவோம். இங்கே மாறியது காற்று ஒன்றே.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். கணித ஆசிரியர் அதனை எண்களால் நாட்டுகிறார். 2000 ஆம் ஆண்டில் திடலின் நீளம் 7,115 யார். 2022 இல் 7,313 யார். இருநூறு யார் வரை நீண்டும் பயன் என்ன? 2022 இல் கமரூன் ஸ்மித் 268 அடியில் வென்றார். உரிய அடியிலும் இருபது குறைவு. கமரூன் யங் என்பவர் இறுதிக் குழியின் புற்றரையை ஒரே அடியில் அடைந்து, இரண்டாமடியில் குழியில் இட்டு, 269 உடன் இரண்டாமிடம் பெற்றார். நரகத்தைத் தலைக்கு மேலே தாண்டிச் செல்கிறவனுக்கு நரகத்தில் என்ன பயம் என்று அவர் கேட்கிறார்.

வாதம் வலிது. அதன் வேரையும் நோக்க வேண்டும். இன்றைய கோலும் பந்தும் உடற்பயிற்சியும் ஆட்டக்காரனை முன்னையோர் எண்ணிப் பாராத தூரத்துக்குக் கொண்டுபோகின்றன. முதலடியிலேயே புற்றரைக்கு மிக அணித்தாய் வந்துவிட்டவன், மீதித் தூரத்தைக் குறுங்கோலால் உயர எழுப்பி அடிக்கிறான். உயரத்திலிருந்து செங்குத்தாய் விழும் பந்து, மண் ஈரமாயிருந்தால், விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அவனுக்கு வலப்பக்கம் என்ன, இடப்பக்கம் என்ன? மேடு என்ன, மணற்குழி என்ன? திடல் கேட்ட வினாவுக்கு அவன் விடை எழுதவில்லை. வினாவையே தாண்டிப் போய்விட்டான். இதுவே பழைய திடலுக்கு நேர்ந்த உண்மையான இடர். அடிகள் குறைந்தது இடர் அன்று. வினா கேட்கப்படாமற் போவதே இடர்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியத் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில், என் வகுப்பு மாணவர் சிலர் இலக்கண வினாக்களுக்கு மிக எளிதாக விடை எழுதிவிட்டார்கள். மறு தவணையில் அவர்களை அடக்குவதற்கு நான் செய்த உபாயம், வினாக்களின் தொகையைப் பத்திலிருந்து பதினாறாகக் கூட்டியதே. நடந்தது என்ன? கைவேகம் உள்ளவர்கள் அப்போதும் எழுதி முடித்தார்கள். சிந்தித்து எழுதும் இயல்புடைய ஒரு பிள்ளை மட்டும் பதினோராம் வினாவோடு நேரம் போதாமல் எழுந்து போனாள். அவளுடைய பதினொரு விடைகளிலும் பிழை இல்லை. நான் அறிவைச் சோதிக்க எண்ணிக் கைவேகத்தைச் சோதித்தேன். வினாத்தாளை நீட்டுவது எளிது. நல்ல வினா ஒன்றைக் கேட்பதற்குத்தான் ஆசிரியன் விழித்திருக்க வேண்டும்.

அந்நினைவோடு 2025 ஆம் ஆண்டு அறிவித்தலை வாசித்தால், அதனுள்ளே இரண்டு வகைத் திருத்தங்கள் இருப்பது புலப்படும். ஒன்று நீட்டல். சில தொடக்க மேடைகளைப் பின்தள்ளி 132 யார் சேர்த்தல். இதனைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருநூறு யார் செய்யாததை நூற்று முப்பத்திரண்டு யார் செய்துவிடும் என்று எண்ணக் காரணம் காணேன். பதினெட்டாற் பிரித்தால் குழி ஒன்றுக்கு எட்டு யாரும் தேறாது. கோல் ஒன்றை மாற்றிப் பிடித்தால் போயிற்று. நெடிது அடிக்காத நுண்ணிய ஆட்டக்காரனுக்கே அந்த நீட்டம் பாரமாகும். என் வகுப்புப் பிள்ளைக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரும்.

மற்றது பதினாறாங் குழியில் செய்வது. அதிபரின் மூக்கு அத்தடத்தின் நடுவே கிடக்கிறது. வலப்பக்கம் ஒடுங்கிய வழி. அதற்கு அப்பால், 1969 வரை புகையிரதம் ஓடிய எல்லை. அதனைத் தாண்டினால் தண்டம். மூக்குக்கு இடப்பக்கமாக முற்காலத்தில் ஒரு வழி இருந்தது, காலப்போக்கில் ஒடுங்கிற்று. அவ்வழியை மீண்டும் அகலத் திறந்து, அதன் இடக்கரையில் இரண்டு மணற்குழிகளை இடுவதே திட்டம். இதனை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். இது வினாத்தாளை நீட்டுவதன்று. சிதைந்து மறைந்த ஒரு பழைய வினாவை ஏட்டிலிருந்து மீட்டு மறுபடி கேட்பது. பழமையைப் பேணுதல் என்பது பழையதைத் தொடாமல் வைத்திருத்தல் என்று சிலர் கருதுகின்றனர். செல்லரித்த ஏட்டைத் தொடாமல் வைத்திருந்தால் செல்லுக்கே நன்மை. பிரதி செய்ய வேண்டும். பாடம் ஒப்புநோக்க வேண்டும். ஆனால் பிரதி செய்பவன் தன் சொந்தச் செய்யுளை இடையிலே செருகலாகாது. பதினாறாங் குழித் திருத்தம் பாடமீட்பு. தொடக்க மேடைகளைப் பின்தள்ளுவது செருகல் அன்றாயினும், ஏட்டின் ஓரத்தை அகலமாக்குவதைப் போன்றது.

நோயின் வேர் பந்திலே என்பதை விளையாட்டின் ஆட்சியாளரும் உணராமல் இல்லை. பந்து செல்லும் தூரத்தைச் சற்றுக் குறைக்கும் வகையில் சோதனை விதியை இறுக்குவதாக 2023 டிசம்பரில் அறிவித்தனர். எனினும் முதன்மை ஆட்டக்காரருக்கும் 2028 முதலே என்று அவ்வறிவித்தலில் கண்டிருந்தது. ஆகவே 2027 போட்டிக்கு அம்மருந்து உதவாது. அந்த யூலையில் பழைய திடல் தன் பழைய படைக்கலங்களோடேயே நிற்க வேண்டும்.

அப்படைக்கலங்கள் எங்கே வெளிப்படும்?

முதற் குழி இலகு எனத் தோன்றும். பதினெட்டாவதோடு சேர்ந்த தடம் வயல்வெளி போல அகன்றது. ஆனால் புற்றரைக்கு முன்னே ஒட்டியபடி சுவில்கன் ஓடை ஓடுகிறது. ஏழாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தடம் வளைந்து திரும்பும் பகுதி; வல்லவர் அடி குறைக்கும் இடம் அது. அங்கே குறைக்கத் தவறியவனுக்கு வேறு இடம் வாய்ப்பது அரிது. அப்பகுதியின் நடுவேதான் ஜோன்சை அழவைத்த பதினோராவது இருக்கிறது. குறுங்குழி, ஒரே அடியில் புற்றரையை அடைய வேண்டியது, கழிமுகக் காற்றுக்கு நேர்முகமானது. நீளம் ஒரு பொருட்டன்று என்பதற்கு அதுவே சான்று.

பதினேழாவது பற்றித் தனியே கூற வேண்டும். அதனைத் தெருக்குழி என்பர். 495 யார், நான்கு அடியில் முடிக்க வேண்டும். விடுதி ஒன்றின் கட்டடத்தின் மூலைக்கு மேலாக, பந்து விழும் இடத்தைக் காணாமலே முதலடியை அடிக்க வேண்டும். புற்றரையோ குறுக்காக ஒடுங்கிக் கிடப்பது. முன்னே நகஜிமாவை விழுங்கிய மணற்குழி. பின்னே தெருவும் கல்மதிலும். பந்து தெருவில் விழுந்தால் தெருவில் நின்றே அடிக்க வேண்டும். நெடிதடித்தவனும் இங்கே விலகிப் போக முடியாது.

2022 இறுதி நாளை நான் மறக்காததற்கும் இக்குழியே காரணம். ஸ்மித்தின் இரண்டாமடி புற்றரைக்குச் சற்று முன்னே நின்றுவிட்டது. பந்துக்கும் குழிக்கும் நேர்கோட்டில் அந்த மணற்குழி. மேலே எழுப்பி அடித்தால் தெரு. சற்றுக் குறைந்தால் மணல். அவர் உருட்டுகோலை எடுத்தார். மணற்குழியை நோக்காமல், அதன் பக்கத்துச் சரிவிலே பந்தை உருட்டினார். பந்து மணலின் விளிம்பைச் சுற்றி வளைந்து புற்றரையில் ஏறிற்று. அடுத்த உருட்டலில் குழியில் விழுந்தது. நான்கடி. அருகிலிருந்த கணித ஆசிரியர் பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அதே நாளில் மக்கில்ரோய் பதினெட்டுப் புற்றரைகளையும் உரிய அடியில் அடைந்தார். ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு புற்றரையிலும் இரண்டு முறை உருட்ட வேண்டியதாயிற்று, மொத்தம் 36. பாடத்தைப் பிழையின்றி ஒப்புவித்தார். மேலே ஒரு வரி சொல்ல அவரால் இயலவில்லை. முதல்வராய் அந்நாளைத் தொடங்கியவர் மூன்றாமவராய் முடித்தார். இருபது அடி குறைந்த அந்தப் போட்டியிலும் வென்றவனைத் தெரிந்தெடுத்தது வலிமை அன்று. பரந்த புற்றரைமேல் பந்து எப்படி ஓடும் என்னும் அறிவே. ஆகவே திடல் தோற்றுவிட்டது என்று நான் ஒப்பமாட்டேன். அதன் குரல் தாழ்ந்திருந்தது, ஆயினும் கேட்டது.

இனி 2027 இல் நடக்கக்கூடியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சோதிடம் எனக்குத் தொழிலன்று. ஆனால் காரணத்திலிருந்து காரியத்தை அனுமானிக்கலாம். மழையால் மண் இளகி, காற்றும் அடங்கியிருந்தால், நீட்டிய 132 யாரும் பயனின்றி ஒழியும். 268 என்னும் கணக்கும் குறைந்துபோகலாம். மண் வறண்டு இறுகி, காற்று மிதமாய் வீசினால், அகன்ற தடம் தன் வினாக்களைக் கேட்கத் தொடங்கும். பக்கம் தெரிந்து அடிப்பவன் முன்னுக்கு வருவான். காற்று மிஞ்சினாலோ ஆட்டமே நின்றுவிடும். 2015 இல் புற்றரையில் வைத்த பந்து தானே உருண்டமையால் சனிக்கிழமை ஆட்டம் பல மணிநேரம் நிறுத்தப்பட்டு, போட்டி திங்கட்கிழமையே முடிந்தது. ஆகவே திடலைப் பாதுகாப்பவர் கையில் பாதியும், வானத்தின் கையில் பாதியும் இருக்கிறது. மேடையைப் பின்தள்ளுவதால் இந்தப் பங்கீடு மாறாது.

கணித ஆசிரியர் மொத்த அடியைக் குறித்துக்கொள்ளப் போகிறார். நான் குறிக்கப்போவது வேறொன்று. பதினாறாங் குழியின் தொடக்க மேடையைப் பார்த்திருப்பேன். முன்னணியில் நிற்பவர் எத்தனை பேர் மூக்கின் வலப்பக்கம் போகிறார்கள், எத்தனை பேர் இடப்பக்கம் போகிறார்கள், எத்தனை பேர் மேலாகத் தாண்டிவிடுகிறார்கள் என்று மூன்று நிரல் இட்டு எண்ணுவேன். மூன்றாம் நிரலே நிரம்பினால் நண்பர் சொன்னது சரி, வினா செத்துவிட்டது, பந்தைத் திருத்துவதன்றி வேறு வழியில்லை. வலம் என்றும் இடம் என்றும் அவர்கள் பிரிந்து போவார்களாயின், ஒருவன் நேற்றுப் போன பக்கத்தை இன்று காற்று நோக்கி மாற்றுவானாயின், பழைய திடல் இன்னும் கற்பிக்கிறது என்று கொள்வேன். அப்போது வென்றவன் இருபது அடி குறைத்தாலும் எனக்குக் குறையில்லை.

போட்டி முடிந்த பின்னர் அத்திடல் ஊராரிடம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் இல்லை. சாசனம் பெற்ற அவ்வூர் மக்களின் வழித்தோன்றல்கள், பிள்ளைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு, நரகத்தின் கரையிலும் பாவப் பள்ளத்தாக்கிலும் உலாவிவிட்டு வீடு செல்வார்கள். அதனைக் காட்ட எந்தத் தொலைக்காட்சியும் வராது. ஆயினும் அத்திடலை ஐந்நூறு ஆண்டு காத்து வந்தவர்கள் அவர்களே. அடுத்த பரீட்சைக்கு வினாவை அழியாமல் வைத்திருக்கப் போகிறவர்களும் அவர்களே.

நான் மூன்று நிரல் கீறிய தாள் ஒன்றை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன். கணித ஆசிரியரின் தொலைக்காட்சி அதுவரை பழுதாகாமல் இருப்பதாக.